விமானி ஆகும் வழி



கீரிமலைக் கேணியிலே நீராடி எழுவோர் வடக்கு நோக்கி நின்றால் எதிரே கடல். கிழக்கே தலையைத் திருப்பினால், காங்கேசன்துறைக்கு அப்பால், பலாலியின் வானம். சென்னையிலிருந்து பாக்குநீரிணையைக் கடந்து வருகின்ற விமானம் அவ்வானத்திலே சிறு புள்ளியாய்த் தோன்றிப் பின் இறக்கை விரித்துத் தாழ்ந்து வருவதைக் கரையிலே நின்று காணலாம். நகுலேசுவரத்தைத் தரிசிக்க வரும் அடியவர்களும், ஆடி அமாவாசையன்று தந்தையர்க்குப் பிதிர்க்கடன் செய்ய வருவோரும், கையிலெடுத்த நீரோடு ஒரு கணம் அண்ணாந்து பார்க்கிறார்கள்.

இப்பகுதியிலே பிறந்த என் வயதினருக்கு அந்த இரைச்சல் நெடுங்காலம் வேறொரு பொருளை உடையதாயிருந்தது. 1990ஆம் ஆண்டிலே வலிகாமம் வடக்கு மக்கள் ஊர்விட்டுப் பெயர்ந்த பின்னர், வானத்திலே ஒலி கேட்டால் பதுங்குகுழியை நோக்கி ஓடவேண்டும் என்பதே நாம் கற்ற பாடம். இன்றோ அவ்வொலி கேட்டதும் வகுப்பறை யன்னலுக்கு ஓடுகின்ற சிறுவர் சிறுமியரைக் காண்கிறேன். "ஐயா, இதை ஓட்டுவதற்கு என்ன படிக்க வேண்டும்?" என்று கேட்கிறார்கள். மருத்துவராவது எப்படி, பொறியியலாளராவது எப்படி என்று கேட்டால், யாழ்ப்பாணத்துச் சந்தையிலே மரக்கறி வாங்குகின்றவரும் விடை சொல்லுவார். இந்தக் கேள்விக்கு விடை சொல்ல எங்களிலே பலருக்கு இயலாது. நான் கலைப் பட்டதாரி, விமானம் ஓட்டியவனல்லன். எனினும் கேட்பவர் பிள்ளைகளாதலின், தேடிப் படித்தும் தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்தவற்றை இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

வானவூர்தி என்னும் சொல் தமிழுக்குப் புதிதன்று. புறநானூற்றிலே உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியை நோக்கிப் பேசும்போது, நற்செயல் செய்து முடித்தோர் வலவன் செலுத்தாத வானவூர்தியிலே மேலுலகம் எய்துவர் என்ற கருத்தைக் கூறுகின்றார். வலவன் என்பவன் தேர்ப்பாகன். ஆக, வலவனில்லாத ஊர்தி உலகைத் துறந்தோர்க்கு உரியது. காலையிலே புறப்பட்டு மாலையிலே வீடு திரும்ப விரும்புகின்ற எங்களுக்கு வலவன் கட்டாயம் வேண்டும். அந்த வலவன் எவ்வாறு ஆக்கப்படுகின்றான் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இத்தொழில் எங்கோ தொலைவிலே நடப்பது என்ற எண்ணம் நம்மவரிடையே உண்டு. அது சரியன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே பிரித்தானிய விமானப்படையினர் பலாலியிலே ஓடுபாதை அமைத்தனர். 1947 டிசெம்பர் 10ஆம் நாள், நாடு சுதந்திரம் பெறுவதற்கு முன்னரே, எயர் சிலோன் நிறுவனத்தின் முதற் சேவை இரத்மலானையிலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறையிலே, அதாவது இந்தப் பலாலி நிலத்திலே, இறங்கிப் பின் சென்னைக்குச் சென்றது. 'சீதாதேவி' என்னும் பெயருடைய டக்கோட்டா விமானம் அது. எங்கள் நாட்டு விமானசேவையின் முதற்பயணத்திலேயே எங்கள் ஊர் ஒரு தங்குமிடமாயிருந்தது. எயர் சிலோன் 1979இலே மறைந்து எயர் லங்கா தோன்றியது. இடையிலே வந்த இடர்களையெல்லாம் கடந்து, 2019 ஒக்டோபர் 17இலே யாழ்ப்பாணம் சர்வதேச விமானநிலையம் என்ற பெயரோடு பலாலி மீண்டும் திறக்கப்பட்டது. பெருந்தொற்றினால் 2020இலே நின்ற சென்னைச் சேவை 2022 டிசெம்பர் 12இலே மறுபடி தொடங்கியது. ஆசிரியன் என்ற முறையிலே எனக்கு மகிழ்ச்சி தரும் இன்னொரு செய்தியும் உண்டு. 1935 நவெம்பர் 27இலே இரத்மலானைத் தளத்திலே முதன்முதலாக இறங்கிய டின்டேல் பிஸ்கோ என்பவர் போர்வீரராகவோ செல்வந்தராகவோ வந்தவரல்லர். சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்றாசிரியராக வந்தவர்.

இனி, தொடக்கம். விமானியாவதற்கு முதலிலே செல்ல வேண்டிய இடம் பறப்புப் பள்ளி என்று பலர் நினைக்கின்றனர். அன்று, மருத்துவரிடமே முதலிலே செல்ல வேண்டும். உலக நாடுகள் 1944இலே சிக்காகோவிலே செய்துகொண்ட உடன்படிக்கையின் வழியாக எழுந்த சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, தொழில்முறை விமானிக்கு முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும் என விதித்திருக்கின்றது. இருதயம், நுரையீரல், செவி, நரம்பு, மனநலம், கண் எல்லாம் பார்க்கப்படும். மூக்குக்கண்ணாடி அணிந்தவர் விமானியாக முடியாது என்பது பழங்கதை. கண்ணாடியால் திருத்தப்படும் பார்வை அளவுக்குள் இருந்தால் போதும். ஆனால் நிறங்களை வேறுபிரித்தறியும் ஆற்றல் கண்ணாடியால் வருவதன்று.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தையார் தோட்டக்காணியின் உறுதியைத் துணிப்பையிலே சுற்றி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மகனை விமானியாக்கப் போவதாகவும், காணியை ஈடு வைத்து ஒரு பயிற்சி நிலையத்துக்கு முற்பணம் கட்டவேண்டியிருப்பதாகவும் சொன்னார். உறுதியை வீட்டிலே வைத்துவிட்டு மகனைக் கண் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுமாறு கேட்டுக்கொண்டேன். பையனுக்குச் சிவப்பும் பச்சையும் தெளிவாகப் பிரிந்து தெரியவில்லை. அவ்வாறு காணப்பட்டோருக்கு வேறு முறையிலே மறுபரிசோதனை உண்டு; அதிலும் அவன் தேறவில்லை. ஓடுபாதையின் ஓரத்து விளக்குகளும், எதிரே வரும் விமானத்தின் இடப்புறச் சிவப்பும் வலப்புறப் பச்சையும் விமானிக்கு எழுத்துப்போல வாசிக்கத் தெரிய வேண்டியவை. இன்று அந்தப் பிள்ளை நில அளவை படிக்கின்றான். காணி தப்பியது, பையன்தான் இன்னும் அண்ணாந்து பார்க்கிறான் என்று தகப்பனார் சொல்வதுண்டு. நேயர்களே, இப்பேச்சிலே வேறெதை மறந்தாலும், மருத்துவச் சான்றிதழுக்கு முன் ஒரு சதமும் கட்டக்கூடாது என்பதை மறவாதீர்கள்.

படிப்பைப் பொறுத்தவரை, பௌதிகமும் கணிதமும் கற்றவர்க்குப் பாதை இலகு. ஆங்கிலம் இன்றியமையாதது. சர்வதேசப் பறப்பிலே வானொலித் தொடர்பு கொள்ளும் விமானி ஆங்கிலத்திலே நான்காம் நிலைத் தேர்ச்சியாவது பெற்றிருக்க வேண்டும் என்ற விதி 2008 மார்ச் முதல் நடைமுறையிலுள்ளது. தமிழ்மொழி மூலம் கற்ற பிள்ளைகள் இதைக் கேட்டு அஞ்சத் தேவையில்லை. கேட்கப்படுவது இலக்கிய ஆங்கிலமன்று. கேட்டதைப் பிழையின்றி விளங்கி, விளங்கியதைப் பிழையின்றிச் சொல்லும் ஆங்கிலம். கட்டுப்பாட்டுக் கோபுரத்தார் ஓர் உயரத்தையோ திசையையோ கூறினால், விமானி அதை அப்படியே திருப்பி ஒப்புவிக்க வேண்டும். திண்ணைப் பள்ளிக்கூடத்திலே எங்கள் பாட்டனார் வாய்பாடு ஒப்புவித்த முறைதான். மனனம் பயனற்றது என்று இக்காலத்தார் ஏளனம் செய்கின்றனர். வானத்திலே அது உயிர் காக்கின்றது.

மருத்துவச் சான்றிதழும் மாணவ விமானி அனுமதியும் கிடைத்தபின் முதற் பறப்பு. இருவர் மாத்திரம் அமரக்கூடிய சிறு விமானம். செஸ்னா 152 என்பது இவ்வகையிலே உலகெங்கும் பழகிய பெயர். அதன் இயந்திரம் ஏறக்குறைய 110 குதிரைவலு உடையது. இடப்புறம் மாணவன், வலப்புறம் ஆசிரியர். இருவர் முன்னும் ஒரேவிதமான கட்டுப்பாடுகள். நேராகவும் மட்டமாகவும் பறத்தல், ஏறுதல், இறங்குதல், திரும்புதல் ஆகிய நான்கும் முதற்பாடங்கள். அவை எளிதாய்க் கைவரும். அதன்பின் வருவதுதான் பாடம்.

வல்வெட்டித்துறையிலே தைப்பொங்கலன்று பட்டம் ஏற்றுகின்ற பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். முச்சை சரியாகக் கட்டினால் பட்டம் காற்றை உரிய சாய்விலே சந்தித்து எழும். முச்சை பிழைத்தால் எவ்வளவு காற்று இருந்தாலும் தலைகீழாய்க் குத்தும். விமானத்தின் இறக்கையும் அவ்வாறே. காற்றைச் சந்திக்கும் சாய்வு ஏறக்குறைய 15 அல்லது 16 பாகையைக் கடந்தால், மேற்பரப்பிலே வழுவழுப்பாய் ஓடிய காற்று கலைந்து, தாங்கும் வலு குன்றி, விமானம் விழத்தொடங்கும். நிலம் மேலெழுந்து வருவதுபோலத் தோன்றும். அப்போது மனிதக் கை தானாகச் செய்வது கட்டுப்பாட்டைத் தன்பால் இழுப்பது. இழுத்தால் சாய்வு இன்னும் கூடும், வீழ்ச்சியும் கூடும். செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறானது. விழுகின்றபோது முன்னே தள்ள வேண்டும். முகத்துக்கு நேரே நிலம் வரும்போது மூக்கை நிலத்தை நோக்கித் தாழ்த்தக் கையைப் பழக்குவதற்கு எத்தனை முறை அதைச் செய்து பார்க்க வேண்டும் என்று எண்ணிப்பாருங்கள்.

இவ்வாறு ஆபத்தை வேண்டுமென்றே வரவழைத்து, அதிலிருந்து மீளக் கற்பிக்கும் முறை எப்போதும் இருந்ததன்று. முதலாம் உலகப் போரிலே பிரித்தானிய இளைஞர் பெருந்தொகையினர் பகைவரைக் காணுமுன்னரே பயிற்சியிலே மடிந்தனர். ஆசிரியர்கள் ஆபத்தான நிலைகளைத் தவிர்த்தே கற்பித்தனர்; அதனால் மாணவன் தனியே அவற்றிலே சிக்கியபோது வழி தெரியாமல் அழிந்தான். 1917இலே ஸ்மித் பெரி என்னும் அதிகாரி கொஸ்போட் என்ற ஊரிலே ஒரு பள்ளி அமைத்து, இரட்டைக் கட்டுப்பாடுள்ள விமானத்திலே, பேசுகுழாய் ஒன்றின் மூலம் மாணவனோடு உரையாடியவாறே, விழுவதையும் சுழல்வதையும் அவனைக் கொண்டே செய்வித்து மீளக் கற்பித்தார். இன்று உலகிலே எங்கு விமானம் ஓட்டக் கற்பித்தாலும் அந்தப் பள்ளியின் சாயல் அங்கு உண்டு. பாடத்திட்டம் அமைப்போர் ஒவ்வொருவரும் கொஸ்போட்டின் கதையை ஒருமுறை படித்தல் நன்று.

பத்து மணிநேரப் பயிற்சியிலே சிலர், இருபதுக்கு மேற்பட்ட மணிநேரத்திலே சிலர், தனியே பறக்கும் தகுதியை அடைவர். அந்த நாளை மாணவனுக்கு முன்கூட்டி அறிவிப்பதில்லை. வழக்கம்போல இறங்கியதும் ஆசிரியர் கதவைத் திறந்து, தாம் இறங்கிக்கொள்வதாகவும் ஒரு சுற்றுச் சுற்றி வருமாறும் சொல்வார். ஓர் ஆளின் பாரம் குறைந்த விமானம் வழக்கத்திலும் விரைவாக எழும். வலப்புற ஆசனம் வெறுமையாயிருக்கும். ஐந்தாறு நிமிடந்தான். கீழே நிற்கின்ற ஆசிரியருக்கு அந்த ஐந்தாறு நிமிடம் எப்படிக் கழியும் என்பதை, மாணவரைப் பரீட்சை மண்டபத்துக்குள் அனுப்பிவிட்டு வெளியே நிற்கின்ற எம்போன்றோர் ஓரளவு அறிவோம்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. பலாலி ஓடுபாதையின் ஒரு நுனியிலே 05 என்றும் மறுநுனியிலே 23 என்றும் எழுதப்பட்டிருக்கும். காந்தத் திசைகாட்டியிலே ஏறக்குறைய 50 பாகையும் 230 பாகையுமான திசைகளை அவை குறிக்கும். அதாவது வடகிழக்கும் தென்மேற்கும். இரத்மலானையிலும் கட்டுநாயக்காவிலும் 04, 22 என்று இருக்கும். ஏறக்குறைய அதே திசைகள். இது தற்செயலன்று. விமானம் காற்றை எதிர்த்தே எழவும் இறங்கவும் வேண்டும். இந்நாட்டின் காற்று ஆண்டிலே ஒருபாதி தென்மேற்கிலிருந்தும் மறுபாதி வடகிழக்கிலிருந்தும் வருவது. மயிலிட்டிக் கடற்றொழிலாளர் சோளகம் என்றும் வாடை என்றும் சொல்கின்ற அந்த இரு காற்றுகளே எங்கள் ஓடுபாதைகளை இப்படிக் கிடத்தி வைத்திருக்கின்றன. கச்சானும் கொண்டலும் குறுக்கே வீசும் வேளையிலே, மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி நண்டுபோலச் சாய்ந்து வந்து, நிலந்தொடும் கணத்திலே நேராக்க வேண்டும். பாய்மரம் தெரிந்த பரம்பரையின் பிள்ளைக்கு இது விளங்காமற் போகாது. வல்வெட்டித்துறையிலே கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை எங்கள் மாலுமிகள் செலுத்திச் சென்று 1938இலே அமெரிக்காவின் குளொசெஸ்டர் துறைமுகத்திலே சேர்த்தார்கள். அவர்களுக்குக் காற்றும் விண்மீனுமே நூல்கள்.

17 வயது நிரம்பியவர், குறைந்தது 40 மணிநேரம் பறந்து, அதிலே 10 மணிநேரம் தனியே பறந்து, சட்டம், வானிலை, வழிகாணல், இயந்திரம் முதலிய பாடங்களிலே தேறினால், தனியார் விமானி அனுமதிப்பத்திரம் பெறலாம். அங்கீகாரம் பெற்ற பாடநெறியாயின் 35 மணிநேரம் போதும். தனியே பறந்தவற்றுள் ஒன்று 270 கிலோமீற்றருக்குக் குறையாத பயணமாக, வழியிலே இரு வேறு தளங்களிலே இறங்கி எழுவதாக, இருத்தல் வேண்டும். இவை உலக அமைப்பு விதித்த குறைந்த அளவுகள். நாட்டுக்கு நாடு இவற்றின்மேல் விதிகள் உண்டு. இங்கே அவற்றை ஆள்வது சிவில் விமான சேவைகள் அதிகாரசபை. இந்த அனுமதிப்பத்திரத்தோடு கூலிக்குப் பறக்க முடியாது. நண்பர்களை ஏற்றிச் செல்லலாம். அவர்களிடம் கட்டணம் வாங்கலாகாது.

இதுவரை கற்றது வெயில் வானத்திலே, கண்ணால் அடிவானத்தைக் கண்டு பறத்தல். முகிலுக்குள்ளே புகுந்தால் நிலைமை முற்றிலும் வேறு. எங்கள் உட்செவியிலே மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. அவற்றினுள் இருக்கும் நீர்மத்தின் அசைவைக் கொண்டே நாம் சாய்வதையும் சுழல்வதையும் உணர்கின்றோம். மெல்லமெல்லத் தொடங்கும் திருப்பத்தை அவை உணர்வதில்லை. தொடர்ந்து திரும்பிக்கொண்டேயிருந்தால், நேராகப் போவதாகவே சொல்கின்றன. நேராக்கியதும், மறுபக்கம் சாய்ந்துவிட்டதாகப் பொய் சொல்கின்றன. 1954இலே இலினோய் பல்கலைக்கழகத்தார், கருவிகளைக் கொண்டு பறக்கக் கற்காத 20 பேரை, வெளியுலகம் தெரியாதவாறு மறைத்துப் பறக்கவிட்டுச் சோதித்தனர். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தனர். சராசரியாக அதற்கு எடுத்த நேரம் 178 செக்கன். மூன்று நிமிடமும் இல்லை. சோதனையாதலால் பக்கத்திலே ஆசிரியர் இருந்தார்.

ஆகவே கருவிப் பறப்புப் பயிற்சி என்பது, ஒருவகையிலே, தன் உடம்பின் சாட்சியத்தைத் தள்ளிவைக்கப் பழகுதலாகும். செயற்கை அடிவானம், உயரமானி, வேகமானி, திசைகாட்டி ஆகிய முகப்புகளை ஓயாது மாறிமாறிப் பார்த்து, உடம்பு என்ன கூவினாலும் அவை காட்டுவதையே பின்பற்ற வேண்டும். நாற்பது மணிநேரம் இவ்வகைப் பறப்பு வேண்டும். அதில் ஒரு பகுதியை நிலத்திலுள்ள பாவனைக் கூட்டிலே செய்யலாம். இக்கூட்டை முதலில் ஆக்கியவர் எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர். அவருடைய தந்தையார் ஓகனும் பியானோவும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். ஓகனுக்குக் காற்றூதும் துருத்திகளைக் கொண்டு, சிறு பெட்டி விமானம் ஒன்றை நிலத்திலேயே சாயவும் நிமிரவும் செய்து, 1929இலே பயிற்சிக்கு ஏற்றதாக அமைத்தார். முதலில் கேளிக்கைப் பொருளாகவே பலர் அதைக் கண்டனர். பின்னர் உலகப் போரிலே எண்ணற்ற விமானிகள் அதற்குள் இருந்தே குருட்டுப் பறப்புக் கற்றார்கள்.

வர்த்தக விமானி அனுமதிப்பத்திரத்துக்கு வயது 18. பறந்த நேரம் 200 மணி, அங்கீகரித்த பாடநெறியிலே 150 மணி. அதற்குள்ளே 540 கிலோமீற்றருக்குக் குறையாத ஒரு பயணத்தைத் தலைமை விமானியாய் நின்று முடித்திருக்க வேண்டும். இரத்மலானைக்கும் பலாலிக்கும் வான்வழித் தூரம் ஏறக்குறைய 330 கிலோமீற்றர் என்பதை நினைத்தால் அதன் அளவு விளங்கும். இரட்டை இயந்திரப் பயிற்சியும் கருவிப் பயிற்சியும் சேர்ந்தாலன்றி விமானசேவை நிறுவனங்கள் திரும்பியும் பாரா.

செலவு எவ்வளவு என்று கேட்பீர்கள். நாணய மதிப்பும் எரிபொருள் விலையும் மாறுவதால் தொகை சொல்லேன். நடுத்தரக் குடும்பம் ஒன்று பெண்ணின் சீதனத்துக்கென்று ஆயுள் முழுதும் சேர்ப்பதை அது மிஞ்சிவிடும் என்று மட்டும் சொல்வேன். அனுமதிப்பத்திரம் கைக்கு வந்ததும் வேலை காத்திருப்பதாக எண்ணுதலும் தவறு. 200 மணிநேரத்தோடு நிற்கும் இளைஞர் ஆண்டுக்கணக்கிலே காத்திருப்பதுண்டு. சிலர் பயிற்றாசிரியராகி மணிநேரம் சேர்ப்பர். விமானசேவை நிறுவனமே பயிலுநராகச் சேர்த்துக்கொள்ளும் திட்டங்கள் அவ்வப்போது வருகின்றன. அவற்றுக்கான அறிவித்தல்களைப் பத்திரிகையிலே தவறாது பார்த்தல் வேண்டும். பதிவுக் கட்டணத்தை இன்றே கட்டினால் இடம் உறுதி என்று அவசரப்படுத்துவோரிடமிருந்து விலகி நில்லுங்கள். பயிற்சி விமானங்கள் எத்தனை, அவற்றிலே இன்று பறக்கும் நிலையிலுள்ளவை எத்தனை, சென்ற ஆண்டு முடித்தோர் எத்தனை பேர், அவர்கள் இப்போது எங்கே என்று கேளுங்கள். இந்த நான்கு கேள்விக்கும் முகம் சுளிக்கின்ற இடத்திலே பிள்ளையைச் சேர்க்க வேண்டாம்.

வேலை கிடைத்தபின்னரும் மாணவ நிலை தீர்வதில்லை. எந்த வகை விமானத்தை ஓட்டப் போகின்றாரோ அந்த வகைக்குத் தனித் தகுதி பெற வேண்டும். ஆறு கால்களின்மேல் நிற்கின்ற பெரிய பாவனைக் கூட்டிலே இரவும் பகலுமாகப் பயிற்சி நடக்கும். அதன்பின் உண்மை விமானத்திலே, பயிற்சித் தலைமை விமானியின் அருகே, துணை விமானியாக அமர்வார். 21 வயதும் 1,500 மணிநேரமும் நிரம்பித் தேர்விலும் தேறினால் விமானசேவை விமானிக்குரிய உயர்ந்த அனுமதிப்பத்திரம் கிடைக்கும். அமெரிக்காவிலே 2009 பெப்ரவரியிலே பஃபலோ நகரருகே ஒரு விமானம் வேகம் குன்றி வீழ்ந்தது; விமானி கட்டுப்பாட்டை முன்னே தள்ளாது பின்னே இழுத்தார் என்று விசாரணை கண்டது. முதற்பாடத்திலே கற்றது! அதன்பின் அந்நாட்டிலே 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணிநேரம் வேண்டும் என்றாயிற்று. மணிக்கணக்கைக் கூட்டுவதால் மட்டும் இத்தவறு நீங்குமா என்பதிலே அறிந்தோரிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. எத்தனை மணி என்பதிலும் எத்தகைய மணி என்பதே பெரிது என்பது என் எண்ணம். பள்ளிக்கூடத்திலும் நாம் காண்பது அதுதான்.

துணை விமானி என்ன செய்கின்றார்? வானொலி பேசுவார், சரிபார்ப்புப் பட்டியலை வாசிப்பார், முறைவைத்து விமானமும் ஓட்டுவார். பட்டியலின் பிறப்பே ஒரு துயரக்கதை. 1935 ஒக்டோபர் 30இலே போயிங் நிறுவனத்தின் புதிய பெருவிமானம் ஒன்று, மிகத் தேர்ந்த விமானிகள் இருந்தும், எழுந்தவுடன் வீழ்ந்தது. தரையிலே நிற்கும்போது வால் அசையாதிருக்கப் பூட்டிய பூட்டைத் திறக்க மறந்துவிட்டார்கள். நினைவை மட்டும் நம்பி ஓட்டும் காலம் முடிந்தது என்று உணர்ந்து பட்டியல் எழுதினார்கள். இன்று முப்பது ஆண்டு அனுபவமுள்ளவரும் அதை வாசியாது இயந்திரத்தை முடுக்குவதில்லை.

ஆனால் துணை விமானியின் தலையாய கடமை வேறு. மூத்தவர் பிழைசெய்தால் அதை உடனே, விளங்கும்படி, சொல்லுதல். 1977 மார்ச் 27இலே தெனரீபே தீவிலே, மூடுபனியிலே, இரு பெரிய போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் மாண்டனர். ஒன்றின் தலைமை விமானி அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற பயிற்றாசிரியர். எழுவதற்கு அனுமதி கிடைக்குமுன்னே அவர் விமானத்தை ஓடவிட்டார். மற்ற விமானம் பாதையைவிட்டு விலகிவிட்டதா என்ற ஐயத்தை விமானப் பொறியியலாளர் எழுப்பினார்; தலைவர் உறுதியாக விடை சொன்னதும் அடங்கிவிட்டார். அடங்கிய குரல் ஓங்கியிருந்தால் என்று உலகம் முழுதும் எண்ணியது. எங்கள் நாட்டிலும், 1974 டிசெம்பர் 4இலே, ஹஜ் யாத்திரிகரை ஏற்றி வந்த விமானம் கட்டுநாயக்காவை நெருங்கியதாகக் கணித்து முன்னதாகவே தாழ்ந்து, ஏழு கன்னியர் மலையிலே மோதி 191 பேர் மாண்டனர். தாம் நிற்கும் இடத்தைப் பற்றிய கணிப்பே பிழைத்திருந்தது. அத்தகைய பிழையை ஒருவர் செய்தால் மற்றவர் கண்டு தடுக்க வேண்டும். விமானியறையிலே இரண்டு ஆசனம் இருப்பதன் காரணங்களுள் அது முக்கியமானது. 1980களிலிருந்து விமானிகளுக்கு இதைத் தனிப் பாடமாகவே கற்பிக்கின்றார்கள். மூத்தவர் கேட்கப் பழகுவார். இளையவர் சொல்லப் பழகுவார்.

இங்கேதான் எங்கள் பிள்ளைகளைப் பற்றி எனக்குக் கவலை. கணிதத்திலே அவர்கள் குறைந்தவர்களல்லர். ஆனால் பெரியவர் பேசும்போது மறுமொழி கூறாதிருப்பதையே நாம் நல்லொழுக்கமாகக் கற்பித்து வந்திருக்கின்றோம். கரும்பலகையிலே ஆசிரியர் கணக்கைப் பிழையாக எழுதினால், நாற்பது பிள்ளைகளும் அப்பிழையைக் கண்டும், நாற்பது கொப்பியிலும் அதையே எழுதிக்கொள்கின்றனர். "ஐயா, அந்த இடத்திலே பிழை" என்று மரியாதை குன்றாமல் சொல்லத் தெரிந்த பிள்ளைதான் நாளைக்கு அந்த வலப்புற ஆசனத்திலே இருக்கத் தகுந்த பிள்ளை. அந்தப் பழக்கத்தைப் பறப்புப் பள்ளி கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. ஆறாம் வகுப்பிலேயே தொடங்கலாம். எங்கள் பாடசாலையிலே, ஆசிரியரின் பிழையைக் காட்டும் பிள்ளைக்கு வகுப்பார் முன்னிலையிலே நன்றி சொல்லும் வழக்கத்தை ஏற்படுத்தியிருக்கிறோம். சில ஆசிரியர்களுக்கு இது இன்னும் உவப்பில்லை.

சிறுமியர் கேட்டால் என்ன சொல்வது என்று ஓர் அம்மையார் வினவினார். தமிழ்ப் பெண்ணொருவரின் சான்றே உண்டு. உஷா சுந்தரம் என்பவர், பெங்களூரிலே ஜக்கூரில் அமைந்த அரசினர் பறப்புப் பயிற்சிப் பள்ளியிலே கற்று, 1949இலே அதன் முதல் மாணவியாகத் தேறினார். அவருடைய கணவர் கப்டன் சுந்தரமும் விமானி, அப்பள்ளியிலே கற்பித்தவர். 1951இலே இருவரும் சென்னை அரசாங்கத்துக்காக வாங்கிய சிறு 'டவ்' விமானத்தை இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணிநேரத்திலே ஓட்டி வந்தனர். எழுபது ஆண்டுக்கு முன்னர் நடந்ததை இன்று நடவாது என்று எந்தத் தாயும் மகளுக்குச் சொல்லத் தேவையில்லை. மருத்துவச் சான்றிதழிலே ஆணென்றும் பெண்ணென்றும் இரண்டு வகுப்பு இல்லை.

துணை விமானியாகப் பல ஆண்டு பணியாற்றி, பல ஆயிரம் மணிநேரம் கடந்து, தோளிலே நாலாவது பட்டி ஏறியபின் அவர் தலைமை விமானி. மருத்துவப் பரிசோதனை ஆண்டுதோறும் உண்டு. அறுபது வயது கடந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சர்வதேசச் சேவையிலே 65 வயதோடு ஓய்வு. அதுவரை, ஆண்டுக்கு இரு முறை, அவரையும் பாவனைக் கூட்டுக்குள் அழைப்பார்கள். விமானம் ஓடுபாதையிலே விரைந்து, இனி நிறுத்த இடமில்லை என்ற வேகத்தைத் தொடும் கணத்திலே, பின்னால் அமர்ந்திருக்கும் பரிசோதகர் ஒரு பொத்தானை அழுத்துவார். ஓர் இயந்திரம் நின்றுவிடும். எஞ்சிய ஒன்றைக் கொண்டு அவர் எழுந்து, சுற்றி வந்து, இறங்கிக் காட்ட வேண்டும். இறங்கியதும் பரிசோதகர் தம் தாளிலே குறித்துக்கொண்டு, கூட்டை மறுபடி ஓடுபாதையின் தொடக்கத்திலே நிறுத்துவார். அடுத்த முறை நிற்கப்போவது எந்த இயந்திரம் என்பதை அவர் சொல்லுவதில்லை.